பாதிரியாரும் பத்திரமும்

போர்க்காலத்திலே அந்நியப் படைக்கு எதிராக நின்ற ஒரு குருவானவரைப் பற்றி இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி 2006ஆம் ஆண்டில் ஒரு நாடகத்தை இரு பகுதிகளாக ஒளிபரப்பிற்று. 'நல்ல போராட்டம்' என்பது அதன் பெயர். பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் சொல்லாட்சி அது. கதாநாயகரான பியெத்ரோ பப்பகல்லோ தென்னித்தாலியின் சிற்றூரொன்றில் 1888இல் பிறந்தவர். மேற்றிராணியாரும் அல்லர், பெயர்பெற்ற பண்டிதரும் அல்லர். 1943 செப்டெம்பரில் நாஸிப் படை ரோமாபுரியைக் கைப்பற்றிய பிறகு, தேடப்பட்ட யூதருக்கும் படையைவிட்டு நீங்கிய வீரருக்கும் பாஸிஸ எதிர்ப்பாளருக்கும் அவர் தம் வீட்டிலே இடம் கொடுத்தார். பொய்ப்பெயர் எழுதிய அடையாளச் சீட்டுகளைத் தயாரித்துக் கொடுத்தார். காட்டிக்கொடுக்கப்பட்டு 1944 ஜனவரி 29ஆம் திகதி கைதானார். மார்ச் 23ஆம் திகதி ரோமின் தெருவொன்றில் எதிர்ப்புப் போராளிகள் வைத்த குண்டுக்கு ஜெர்மானியப் பொலிஸ் படையினர் 33 பேர் பலியாகினர். ஒருவனுக்குப் பத்துப் பேர் என்று கணக்கிட்டு, மறுநாளே அர்தெயாத்தீன் குகைகளுக்குள் 335 பேரைக் கொண்டுபோய்ச் சுட்டனர். தாம் போட்ட கணக்கிலும் ஐவர் மிகுதி! அந்த 335 பேருள் கத்தோலிக்கக் குரு அவர் ஒருவரே.

இக்கதை இத்தாலியருக்குப் புதியதன்று. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே ரொஸ்ஸெல்லினி தமது 'ரோம், திறந்த நகரம்' என்னும் திரைப்படத்தில் தொன் பியெத்ரோ என்னும் பாத்திரத்தைப் படைத்தார். பப்பகல்லோவையும், 1944 ஏப்ரல் 3ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட ஜியுசெப்பே மொரோசினி என்னும் மற்றொரு குருவையும் மனத்திற்கொண்டு உருவாக்கிய பாத்திரம் அது. அப்படத்தில் ஒரு கம்யூனிஸ்ட் போராளியைச் சித்திரவதை செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு குருவானவரைக் கட்டாயப்படுத்துகிறார்கள். கம்யூனிஸ்டும் வாய் திறக்கவில்லை, குருவும் திறக்கவில்லை. பாதிரியார் என்றவுடன் முகஞ்சுளிக்கிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முகஞ்சுளிப்பதற்குக் காரணங்களும் உண்டு. பின்னர் அவற்றுக்கு வருவோம். ஆயினும் அந்தக் காட்சியை அவர்கள் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

பப்பகல்லோவின் வாழ்க்கையிலே நம்மை மிகவும் நிறுத்துவது அவருடைய மரணமன்று. போருக்கு முன்னர் அவர் ரோமில் செயற்கைப் பட்டு ஆலையொன்றின் தொழிலாளர் விடுதியிலே ஆன்மகுருவாக இருந்தார். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் வாழ்ந்த விடுதி அது. அவர்களுடைய வேலை நிலைமைக்காகப் பேசப்போய், நிர்வாகத்துடன் முரண்பட்டார். ஆலைத் தொழிலாளிக்காக முதலாளியோடு முரண்பட்டவரே பிற்காலத்தில் அகதிக்காக நாஸியோடு முரண்பட்டார். இந்த முன்கதையை அறியாதவர் பின்கதையைப் பாதியே அறிவர்.

டிக்கோயாப் பள்ளத்தாக்கிலிருந்து இக்கதையைப் பார்க்கிற நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ரோமின் குருவானவர் உயிர்காக்கக் கொடுத்தது ஒரு துண்டுக் கடதாசி, பொய்ப் பத்திரம். மலையகத்திலோ மெய்ப் பத்திரமே இல்லாத ஒரு மக்கட்கூட்டம் இருந்தது. இங்கே பிறந்து, இங்கே கொழுந்து பறித்து, இங்கேயே புதைந்துபோன அம்மக்களுக்கு, இங்கே பிறந்தார்கள் என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. இங்கிருந்த பாதிரிமார் என்ன செய்தார்கள்?

டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் வழியில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, கருங்கல்லாற் கட்டிய ஓர் அழகிய சிற்றாலயம் நிற்கிறது. வார்லி தேவாலயம் என்பர். 1878இல் கட்டியது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரிய ஆங்கிலிக்கன் ஆலயமாக அது எழுந்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. முற்றத்திலே துரைமாரின் கல்லறைகள், பெயரும் ஊரும் திகதியும் பொறித்து, இன்றும் வரிசையாய் நிற்கின்றன. அந்தக் காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவர்கள், மன்னார்க் கரையிலிருந்து நடந்துவந்த வழியிலேயே மடிந்தவர்கள்: இவர்களுக்குப் பொறித்த கல் ஏது? தேயிலைத் தூரின் அடியிலே அவர்கள் கிடக்கிறார்கள் என்று நம் பாட்டிமார் சொல்வர்.

தொழிலாளருக்கும் வேதம் போதிக்க வேண்டும் என்று துரைமார் சிலர் எண்ணாமலில்லை. 1854இலேயே 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஒரு சபை தொடங்கிற்று. பெயரைக் கவனியுங்கள்! மனிதனை மனிதன் என்று அழைக்கக்கூட அச்சபைக்கு மனம் வரவில்லை. அதன் செலவிலே பெரும்பங்கைத் துரைமாரே சந்தாவாகக் கொடுத்தனர். உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று, பெரட்டுக் களத்திலே மக்களைக் கூட்டிப் பேசினர். தோட்டம் என்பது அக்காலத்தில் மூடிய கோட்டை. வெளியார் எவரேனும் அனுமதியின்றிக் காலடி வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம்; தொழிற்சங்கத்தார் மீது பல ஆண்டுகள் இக்குற்றமே சுமத்தப்பட்டது. அந்த வாயிற்படியைத் தாண்டித் துரையின் சம்மதத்தோடு லயத்துக்குள் போகக்கூடிய வெளியார் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் பாதிரியார். லயத்தின் பத்தடிக் காம்பிராவையும், அதிலே முடங்கிய குடும்பத்தையும், பிரட்டுக்குப் போகாத நோயாளியின் பெயருக்கு நேரே செக்ரோலில் விழும் வெற்றிடத்தையும் அவர் தம் கண்ணாலே கண்டார். கண்டும் பெரும்பாலோர் பேசவில்லை. சந்தா கொடுக்கிறவனுக்கு எதிராகப் பேசுவது எளிதன்று. முகஞ்சுளிக்கும் நண்பர்களின் காரணங்களில் இது முதலாவது.

உலகப் போர் மலையகத்துக்கும் வந்தது. போர்க்காலத்தில் தேயிலை வெறும் பானமன்று, போர்ச்சரக்கு. பிரித்தானிய உணவு அமைச்சே அதை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. அரை வயிற்றுத் தொழிலாளி கூலி கேட்டால் போர் முயற்சிக்குக் குந்தகம் என்றார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 10ஆம் திகதி பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். விசாரணை ஆணைக்குழு முன்னிலையில் கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அவரும் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும் சிறைப்படுத்தப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பிச் சென்றனர். போர்க்கால எதிர்ப்பு இங்கே இவ்வாறு நடந்தது. தொழிலாளியும் வழக்குரைஞரும் அரசியலாளரும் அதிலே இருந்தனர். முல்லோயாவின் கதையில் குருவானவர் ஒருவரின் பெயரை நாம் காணவில்லை.

இனி, பத்திரத்தின் கதை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையக மக்களின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெற்றிபெறவும் அவ்வாக்கு உதவிற்று. மறு ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தான் இங்கே பிறந்தால் போதாது. தன் தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். லயத்திலே பிறந்த பாட்டனின் பிறப்பை எந்தக் கந்தோரில் யார் பதிந்தார்? 1949இல் மற்றொரு சட்டம். இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாகச் சான்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறத்தாழ 134,000 பேருக்கு. எஞ்சியோர் நாடற்றவர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆட்டுமந்தையைப் பாகப்பிரிவினை செய்கிறவன்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பான்! தலைமன்னாருக்குப் போன புகைவண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

இந்த இருட்டிலேதான் திருச்சபைக்குள் ஒரு சிறு விரிசல் ஏற்பட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் உலகெங்கும் சில குருமாரை ஏழையின் பக்கம் திருப்பிவிட்டது. இலங்கையில் அவர்களுள் முன்னின்றவர் லியோ நாணயக்கார மேற்றிராணியார். 1959 முதல் கண்டியின் மேற்றிராணியார். நுவரெலியாவும் ஹட்டனும் டிக்கோயாவும் அவருடைய எல்லைக்குள்ளே. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, செல்வாக்கும் வசதியும் மிக்க கண்டியை விட்டு, வறண்ட ஊவாவைத் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற குருமடத்தைத் தொடங்கி, குருமாணவரை மதிலுக்குள் அடைக்காமல் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் அனுப்பினார். மக்களிடையே வாழாதவன் மக்களுக்குக் குருவாக முடியாது என்பது அவர் கொள்கை. 1982இல் மறைந்தார்.

அதே 1972இல் கண்டியில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 'சத்யோதய' என்னும் இல்லத்தைத் தொடங்கினார். ஒல்லாந்த வழிப் பெயர் தாங்கிய அவர் சிங்களவருமல்லர், தமிழருமல்லர். சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் சேர்ந்தே சென்று பணிசெய்வது அங்கே நியதி. இது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் துரைமார் ஆட்சியின் வேர் எங்கே இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளத்திலே நிலம் இழந்த சிங்களக் கிராமவாசி. மேட்டிலே நாடு இழந்த தமிழ்த் தொழிலாளி. இருவரையும் ஏழையாக்கியது ஒரே பெருந்தோட்டம். ஒருவர் மற்றவரைப் பகைவராகக் கருதும் வரை பெருந்தோட்டத்துக்கு ஆபத்தில்லை. 1974இல் தோட்டப் பகுதிகளிற் பணிபுரிந்த குழுக்களை ஒன்றிணைக்கும் செயலகமொன்றும் அவருடைய முயற்சியில் அமைந்தது. அக்காலம் தோட்டங்களிலே பஞ்சம் மிகுந்து பட்டினிச்சாவு நிகழ்ந்த காலம். 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. இடதுசாரிகளான நாம் கொள்கையளவில் வரவேற்ற காரியம் அது. ஆனால் நடைமுறையில் பல தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளி லயத்தைவிட்டே துரத்தப்பட்டான். 1977இல் நுவரெலியா, மஸ்கெலியாப் பகுதிகளில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்றபோது, மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். அதே ஆண்டு ஆகஸ்டில் இனக்கலவரம் மூண்டது. லயங்களை இழந்தோர் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் நடந்தனர்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை. அந்த ஆண்டிலே சிங்களரும் தமிழருமான அறிவாளரும் இடதுசாரிகளும் குருமாரும் சேர்ந்து 'இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம்' என்பதை நிறுவினர். மேர்ஜ் என்பர். அதன் தலைவர் கஸ்பர்ஸ் அடிகள். ரெஜி சிறிவர்தன, சார்ள்ஸ் அபேசேகர முதலியோர் உடனின்றனர். அவ்வியக்கம் யாழ்ப்பாணத்துக்கு உண்மையறியும் குழுவொன்றை அனுப்பி, அங்கே நடந்த கைதுகளையும் கொலைகளையும் விசாரித்து அறிக்கையாக அச்சிட்டது. பப்பகல்லோ பொய்ச்சீட்டு எழுதினார். இவர்கள் மெய்யறிக்கை எழுதினார்கள். எழுதியதைப் படிக்கவேண்டிய தெற்கு அதைப் படிக்கவில்லை. 1983 ஜூலை வந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று 'சிவப்பும் கறுப்பும்' என்று நாம் பெயர்த்துச் சொல்லக்கூடிய ஒரு படத்தைக் காட்டிற்று. நாஸிகளின் கண்ணெதிரே வத்திக்கானிலிருந்துகொண்டு ஆயிரக்கணக்கானோரை மறைத்துக் காத்த அயர்லாந்துக் குரு ஹியூ ஓ'பிளாஹர்ட்டியின் கதை. கிரகரி பெக் நடித்தது. உலகத்தார் கண்ணீர் மல்கப் பார்த்தனர். ஆறு மாதங்கழித்து இங்கே நிகழ்ந்ததை எவரும் நடிக்கவேண்டியிருக்கவில்லை. கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கோயில்களும் பாடசாலைகளும் தேவாலயங்களும் அகதி முகாம்களாயின. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களை நம்மிற் பலர் மறக்கவில்லை. பத்திரம் உயிரைக் காக்கவும் உதவும், எடுக்கவும் உதவும்.

மைக்கல் ரொட்ரிகோ அடிகளையும் இங்கே சொல்லாமல் விடலாகாது, அவர் மலையகத்தவர்களோடு மட்டும் நின்றவரல்லர் எனினும். 1927இல் பிறந்து, வெளிநாடுகளிலே உயர்கல்வி கற்று, குருமடத்திற் கற்பித்து, பின்னர் லியோ மேற்றிராணியாரோடு சேவக செவனவில் இணைந்தவர். 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தலப் பகுதியிலே ஒரு குடிலமைத்து, பௌத்த விவசாயிகள் நடுவே வாழத் தொடங்கினார். மதமாற்றம் அவர் நோக்கமன்று. கரும்புக் கம்பனி விவசாயியின் நிலத்தை விழுங்கியபோது விவசாயியின் பக்கம் நின்றார். கிளர்ச்சியாளரும் அரசும் ஒருவரையொருவர் கொன்ற காலம் அது. இடையிலே நின்று பேசுவோரை இரு தரப்பும் சந்தேகித்தன. 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, தம் குடிலிலே திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றனர்.

ரொஸ்ஸெல்லினி கையில் இக்கதை கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்! நம் நாட்டுத் தொலைக்காட்சி ஏன் இதைத் தொடவில்லை என்பதற்குக் காரணத்தைத் தூரத்தில் தேடவேண்டியதில்லை. பப்பகல்லோ எதிர்த்தது அந்நிய ஜெர்மானியனை. போரில் தோற்றுப்போன ஜெர்மானியனை. அவரைக் கொண்டாடுவதால் இத்தாலிய அரசுக்கும் நஷ்டமில்லை, வத்திக்கானுக்கும் நஷ்டமில்லை. அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் நாஸிகளை வெளிப்படையாகக் கண்டிக்காமல் இருந்ததைக்கூட அந்தப் புகழொளியிலே மறைத்துவிடலாம். கஸ்பர்ஸ் அடிகள் எதிர்த்ததோ தம் நாட்டு அரசை, தம் நாட்டுப் பெரும்பான்மையின் தப்பெண்ணத்தை, சிலவேளை தம் திருச்சபையின் மௌனத்தையே. அவர் கதையை நடித்துக் காட்டினால், பார்க்கிறவர் எழுந்து தம் முகத்தைக் கண்ணாடியிலே பார்க்க நேரும். திருச்சபையும் இத்தகையோரை எளிதிற் பொறுப்பதில்லை. கஸ்பர்ஸ் அடிகளோடு இவ்வழியில் உடன்நடந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளை 1997 ஜனவரியில் அவருடைய மறையியல் நூலுக்காக வத்திக்கான் சபைநீக்கம் செய்து, ஓராண்டு கழிந்தபின்னரே மீண்டும் ஏற்றது. எழுபது வயது கடந்த முதியவர்!

நம் தரப்பிலும் ஒரு குறையுண்டு. மலையக வரலாற்றை எழுதிய நம்மவர் தொழிற்சங்கத் தலைவர்களை எழுதினர். தலைவர்களின் பிளவுகளை அதைவிட விரிவாக எழுதினர். சத்யோதயவிலிருந்து லயத்துக்கு நடந்த இளைஞர் யாவர், பிறப்புப் பதிவுக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த பாடசாலை ஆசிரியர் யாவர், என்பதை எழுதிவைத்தோர் அரியர். அவ்வாசிரியர்களிற் பலர் இவ்விதழின் வாசகர்களே. 1988இலும் பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. முதற் சட்டம் வந்த நாளிலே பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

இந்நாடகம் என்றேனும் எழுதப்படுமாயின் அதிலே வரவேண்டிய மற்றொரு பத்திரமும் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உயர்தரப் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். 1990களில் கைதான தமிழ் இளைஞர் பலர், மலையகத்தவர் உட்பட, தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் அடியிலே கையொப்பமிட்டனர். பெயரில்லாதவனுக்குப் பெயரெழுதிக் கொடுத்தது ரோமிலே ஒரு காகிதம். செய்யாததைச் செய்ததாகத் தன் கையாலேயே எழுதவைத்தது இங்கே ஒரு காகிதம். அவ்வாறு தடுத்துவைக்கப்பட்டோரிற் சிலரைப் புனர்வாழ்வு என்ற பெயரில் பிந்துனுவெவ முகாமிலே வைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, பொலிஸார் காவல் நிற்க, கூட்டமொன்று உட்புகுந்து இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கத்தியாலும் தடியாலும் தீயாலும் கொன்றது. தண்டிக்கப்பட்டிருந்தோரில் எஞ்சியவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. லியோ மேற்றிராணியார் குருமாணவரை லயத்துக்கு அனுப்பிய சேவக செவன இருந்த அதே பண்டாரவளைக்கு அருகில், மிகச் சில கட்டை தூரத்திலேதான் அந்த முகாம் இருந்தது.